இரண்டாவது வாளி: இடிபடும் தெருவில் ஏழு நாட்கள்

முதல் நாள்

இரவு முழுவதும் பயணம் செய்து விடியற்காலையில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். ஊரின் பெயரை இந்தக் குறிப்புகளில் எங்கும் எழுதப் போவதில்லை. சாலையை அகலப்படுத்துவதற்காக ஒரு தெருவின் ஒரு பக்க வரிசை முழுவதும் இடிக்கப்படுகிறது. அங்கே குடியிருந்தவர்கள் அண்மையில்தான் வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருக்கிறார்கள். அவர்கள் படுத்து எழுந்த அறைகளை இன்னாருடையவை என்று காட்டிக்கொடுக்கும் உரிமை எனக்கு இல்லை. அதோடு, நான் வந்திருப்பது ஊர் பார்க்க அன்று, சுவர் பார்க்க.

இடிப்பு வேலையை எடுத்திருக்கும் ஒப்பந்ததாரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன். தலைக்கவசமும், ஆணி ஏறாத கனத்த காலணியும், தூசியை வடிகட்டும் முகக்கவசமும் இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது; இயந்திரம் ஓடும்போது கயிறு கட்டிய எல்லைக்கு வெளியேதான் நிற்க வேண்டும்; காலையில் ஆறு முதல் எட்டு வரையும் மாலையில் ஐந்து மணிக்குப் பிறகும் மேற்பார்வையாளர் காட்டும் இடத்திலிருந்து மட்டும் படம் எடுக்கலாம். இந்த நிபந்தனைகள் ஒவ்வொன்றும் நியாயமானவை. செங்கல்லும் சிமெண்டும் உடையும்போது கிளம்பும் தூசியில் நுரையீரலை அறுக்கும் சிலிக்கா இருக்கிறது. பழைய கூரைத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பாதி இடிந்த சுவர் எப்போது சாயும் என்பது அதைக் கட்டியவருக்கே தெரியாது. இடிபாடுகளைப் படமெடுக்கக் கிளம்பும் எவரும் கேமராவை எடுத்துவைப்பதற்கு முன் இவற்றை எடுத்துவைக்க வேண்டும்.

இன்று மாலை எடுத்த படங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கும். அறைக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, ஒன்றுகூட நான் தேடி வந்தது இல்லை என்பது தெரிந்தது. அகன்ற லென்சை மாட்டிக்கொண்டு தெருவின் நடுவில் நின்று எடுத்த படங்கள் அவை. வானம் இருக்கிறது, குவிந்து கிடக்கும் செங்கல் இருக்கிறது, கதவில்லாத நிலை ஒன்று தனியே நிற்கிறது. பார்ப்பவர் கண் முதலில் “ஐயோ, இடிந்துவிட்டதே” என்று சொல்லிவிடுகிறது. அப்படிச் சொன்ன பிறகு அதற்கு மேல் பார்க்க ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. விபத்துச் செய்தியோடு நாளிதழில் வரும் படத்தைப் போல, ஒரு நொடியில் புரிந்து, மறு நொடியில் கண் அதை விட்டு நகர்ந்துவிடுகிறது.

பொருளின் பெயர் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்பதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். வானத்தை நீக்கினால் நேரம் போய்விடும். தரையை நீக்கினால் எது மேல், எது கீழ் என்பது போய்விடும். கதவையும் சன்னலையும் நீக்கினால் எவ்வளவு பெரியது என்பதும் போய்விடும். இந்த மூன்றும் போன பிறகு படத்தின் சட்டத்துக்குள் எஞ்சுவது கோடும், நிறமும், சொரசொரப்பும், ஒளியும்தான். அரூபப் புகைப்படக்கலை என்று நாம் சொல்வது அந்த எஞ்சலைத்தான். நாளை அகன்ற லென்சைப் பையை விட்டு வெளியே எடுக்கப் போவதில்லை.

இரண்டாம் நாள்

காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். வரிசையின் கடைசி வீடு இடிபடவில்லை. அது சாலைக்குத் தேவைப்படாத நிலத்தில் இருக்கிறது. அதை ஒட்டியிருந்த வீடு மட்டும் போய்விட்டதால், இரண்டு வீடுகளுக்கும் இடையிலிருந்த பொதுச்சுவர் இப்போது வெட்டவெளியைப் பார்த்து நிற்கிறது. போன வீட்டின் குறுக்குவெட்டுத் தோற்றம் முழுவதும் அந்தச் சுவரில் பதிந்திருக்கிறது. மாடிப்படி இருந்த இடத்தில் பல்வரிசை போல ஒரு தழும்பு கீழிருந்து மேலே ஏறுகிறது. தளம் இருந்த உயரத்தில் விட்டங்கள் நுழைந்திருந்த ஓட்டைகள் ஒரே இடைவெளியில் வரிசையாகக் கறுத்துத் தெரிகின்றன. கீழறை மங்கிய நீலம், அதன் பக்கத்தில் புகை படிந்த கறுப்பு, அது சமையல் நடந்த இடமாக இருக்க வேண்டும், மேலறை பச்சை. வீட்டுக்குள் இருந்தவர்கள் இந்த நிறங்களை ஒரே நேரத்தில் பார்த்திருக்கவே முடியாது. அறையை விட்டு அறைக்கு நடந்தால்தான் அவர்களுக்கு நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரிந்திருக்கும். வீடு போன பிறகுதான் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

சூரியன் மேலே வந்ததும் ஒளி சுவரை ஏறக்குறைய உரசிக்கொண்டு ஓடியது. இப்படிச் சாய்ந்து வரும் ஒளிக்காகத்தான் இந்தப் பயணத்தின் காலை நேரங்களை எல்லாம் கணக்கிட்டு வைத்திருந்தேன். நண்பகலில் தட்டையாகத் தெரியும் பூச்சு, காலை ஒளியில் மேடும் பள்ளமுமாக எழுந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள வண்ணச் செதில்கூடத் தன்னைப்போலப் பல மடங்கு நீளமான நிழலை விடுகிறது. கொத்தனாரின் கரணை போன வளைவுகள், ஆணி பிடுங்கிய குழி, அதைச் சுற்றி உதிர்ந்த வட்டம் என்று அதுவரை இல்லாதவை எல்லாம் தோன்றுகின்றன. ஆனால் இது அதிக நேரம் நீடிப்பதில்லை. சூரியன் கொஞ்சம் மேலேறியதும் நிழல்கள் குறுகி, சுவர் மறுபடியும் மூடிக்கொள்கிறது.

மேலறையின் பச்சைப் பகுதியை எடுப்பதற்கு எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போகவேண்டியிருந்தது. கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் கோடுகள் மேலே போகப்போகக் குவியும். குவிந்தால் உயரம் என்ற எண்ணம் வந்துவிடும். உயரம் வந்தால் கட்டடம் வந்துவிடும். ஆகவே கேமராவின் முகம் சுவருக்கு இணையாக இருக்க வேண்டும். முக்காலியை ஊன்றி, 200 மில்லிமீட்டர் லென்சை வைத்து, லென்சின் ஒளித்துளையை எஃப் 8 என்ற நடுத்தர அளவில் நிறுத்தி எடுத்தேன். வெளுத்த சுவரைப் பார்த்தால் கேமராவின் ஒளிமானி அதைச் சாம்பலாக்கிவிடும் என்பதால் ஒளியின் அளவை ஒரு படி கூட்டியும் வைத்தேன்.

அந்தப் பச்சையின் நடுவில் ஒரு கோடு இருந்தது. மேலே ஒரு பச்சை, கீழே அதைவிட ஒரு மயிரிழை வெளுத்த பச்சை, இரண்டும் சந்திக்கும் இடத்தில் கூர்மையில்லாத, லேசாகச் சாய்ந்த ஓர் எல்லை. மேலே ஒட்டியிருந்த வெண்பழுப்பு வண்ணம் பெரிய பெரிய ஏடுகளாக உரிந்து, அந்த இரண்டு பச்சைகளையும் சுற்றிச் சுருண்டு நின்றது. ஒளி நகர்வதால் உண்டான எல்லை என்று நினைத்துக்கொண்டு, அது மறைவதற்கு முன் பதறிப் பதறிப் பதினொரு படங்கள் எடுத்தேன். அறையில் வைத்துப் பார்த்தபோது ஒரு படத்தைத் 90 பாகை திருப்பினேன். கோடு செங்குத்தாக நின்றதும் அது சுவராக இல்லாமல் போயிற்று. விடியலில் மூடுபனிக்குள் நிற்கும் நீர்நிலையின் கரை என்றும் சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். இந்தப் பயணத்தின் முதல் படம் கிடைத்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தது.

இந்த வழியில் எனக்கு முன்னால் நடந்தவர்களில் ஆரன் சிஸ்கிண்ட் முக்கியமானவர். 1903இல் நியூயார்க்கில் பிறந்த அவர் 1930களில் ஹார்லெம் பகுதி மக்களின் வாழ்க்கையை ஆவணப்படுத்தும் படங்களை எடுத்தவர். 1940களில் மனிதர்களிலிருந்து திரும்பி உரிந்த வண்ணம், கிழிந்த சுவரொட்டி, கறைபட்ட சுவர் ஆகியவற்றுக்கு மிக அருகில் போனார். அவருடைய படங்களுக்குப் பெரும்பாலும் ஊரும் ஆண்டும் மட்டுமே தலைப்பு. 1949இல் அரிசோனா மாநிலத்து ஜெரோம் என்ற சுரங்க ஊரில் அவர் எடுத்த உரிந்த வண்ணப் படத்துக்கும் ஊர்ப் பெயரும் ஆண்டுமே தலைப்பாக நிற்கின்றன. இது எந்தச் சுவர், யாருடைய வீடு என்பதெல்லாம் அங்கே இல்லை. பல ஆண்டுகளாக நானும் அதுவே சரி என்று எண்ணி வந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள்

விடியும் முன்பே மழை. வேலை நிறுத்தப்பட்டது. நனைந்த சுவரின் அருகில் போகக் கூடாது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டதால் எதிர்வீட்டுத் தாழ்வாரத்திலேயே நின்றேன்.

மழையில் சுவர்களின் நிறம் ஆழ்ந்துவிடுகிறது. காய்ந்த பூச்சின் நுண்துளைகளில் காற்று இருக்கும்போது ஒளி அங்கங்கே சிதறி, நிறத்தின் மேல் ஒரு வெளுப்பு படிந்ததுபோலத் தெரியும். அந்தத் துளைகளில் நீர் புகுந்ததும் சிதறல் குறைந்து, உள்ளிருக்கும் நிறம் வெளியே வருகிறது. நேற்று மங்கலாக இருந்த நீலம் இன்று மையைப் போல இருந்தது. எனாமல் பூசிய பகுதிகளில் வானத்தின் பளபளப்பு விழுந்து நிறத்தைக் கெடுத்ததால், போலரைசர் வடிகட்டியைச் சுழற்றி அதைக் குறைத்தேன். மூட்டமான வானத்தின் கீழ் நிழலே இல்லை என்பதால் நேற்று கிடைத்த சொரசொரப்பு இன்று இல்லை. நிறம் மட்டும் இருந்தது. ஒரே சுவர் நேற்று சிற்பம், இன்று ஓவியம்.

பிற்பகல் முழுவதும் அறையில் இருந்தேன். கார்டன் மாட்டா-கிளார்க் நினைவுக்கு வந்தார். கட்டடக்கலை படித்துவிட்டுக் கட்டடங்களை அறுப்பதையே கலையாகச் செய்தவர் அவர். 1974இல், இடிக்கப்படவிருந்த ஒரு வீட்டை நியூஜெர்சியில் நடுவே இரண்டாகப் பிளந்தார். அதற்கு முன்பு, 1972இல், நியூயார்க்கில் பாதி இடிந்த வீடுகளின் வெளிப்பட்டுப்போன உட்சுவர்களைப் படமெடுத்து, அவற்றை நிறம் மாற்றிச் செய்தித்தாள் காகிதத்தில் அச்சிட்டு நீள நீளமாகத் தொங்கவிட்டிருந்தார். நான் நேற்றுப் பார்த்தது போன்ற சுவர்கள்தாம் அவையும். அறையின் உள்முகம் தெருவுக்கு வந்துவிட்டால் அதைப் பார்ப்பவருக்குக் கூச்சம் வர வேண்டுமா, வியப்பு வர வேண்டுமா என்ற கேள்வி அவரையும் தொட்டிருக்கும் என்று தோன்றுகிறது. என்னைத் தொட்டது.

நான்காம் நாள்

இன்று நடந்ததை எழுதுவதற்காகவே இந்தக் குறிப்புகளைத் தொடங்கினேனோ என்று தோன்றுகிறது.

காலையில் தரையில் விழுந்து கிடந்த பூச்சுத் துண்டுகளில் ஒன்றை மேற்பார்வையாளரின் அனுமதியோடு எடுத்துவந்து, எதிர்வீட்டுத் திண்ணையில் வைத்து அண்மைப்படம் எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை அளவுள்ள துண்டு. அதன் முகத்தை எடுக்கவில்லை. உடைந்த விளிம்பைத்தான் எடுத்தேன். வெற்றுக் கண்ணுக்கு ஒரு கோடாகத் தெரிவது, மிக அருகில் வைத்து எடுக்கும் மேக்ரோ லென்சில் பாறை அடுக்கைப்போல விரிந்தது: வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை, மறுபடியும் வெள்ளை, காவி, பச்சை, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடித் தாள்போல ஒரு வெண்பழுப்பு. பொருளின் உண்மையான அளவுக்கே படமெடுக்கும்போது எஃப் 8இல் துல்லியமாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். எனவே துண்டை மணல்மேல் வைத்து, ஒரு பக்கம் சிறு கல்லைக் கொடுத்து, விளிம்பு லென்சுக்கு நேராக நிற்கும்வரை நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

பின்னால் ஒரு பெரியவர் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“தம்பி, அது மாடி ரூம் காரை. எதுக்கு எடுக்கறீங்க?”

திரும்பிப் பார்த்தேன். இந்தத் தெருவின் வீடுகளுக்குப் பல ஆண்டுகளாக வெள்ளையடித்தவர் அவர். வேலையை விட்டுவிட்டு இப்போது மகனோடு இருக்கிறார். நாள்தோறும் இங்கே வந்து இடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஐயா, உட்காருங்கள் என்று இடம் விட்டு, கேமராவின் திரையில் அந்த விளிம்பைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலைத் திரையில் படாமல் வைத்து, அடியிலிருந்து படிக்கத் தொடங்கினார். படிக்கத் தொடங்கினார் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

“இது முதல் சுண்ணாம்பு. நான் அடிச்சது இல்ல, எங்க அப்பா காலம். இது நீலம் போட்ட சுண்ணாம்பு. இது நான். இந்தக் காவி ஒரு வருஷந்தான் இருந்தது, வீட்டம்மாவுக்குப் பிடிக்கல. பச்சை டிஸ்டெம்பர். கடைசியா எமல்ஷன்.”

வெறும் சுண்ணாம்பு நாள்பட மஞ்சளாகத் தெரியும் என்பதால் அதில் துளி நீலம் கலப்பார்கள். மஞ்சளுக்கு நீலம் ஈடுகொடுக்க, கண்ணுக்கு வெள்ளை பளிச்சென்று தெரியும். இதைப் படித்திருக்கிறேன். ஆனால் அந்த நீலத்தை அடுக்குகளுக்கு நடுவே ஒரு நூலாகப் பார்த்தது இதுதான் முதல் முறை.

ஏன் இப்படி ஏடு ஏடாக உரிந்திருக்கிறது என்று கேட்டேன். “சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சு வேணும் தம்பி,” என்றார். பிறகு அவர் விளக்கியதை என் சொற்களில் எழுதுகிறேன். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கவும் செய்யும், வெளியே விடவும் செய்யும். அதன்மேல் அடிக்கும் சுண்ணாம்பும் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மீண்டும் கல்லாகிச் சுவரோடு சுவராகிவிடுவதால் ஈரம் போய்வருவது தடைப்படுவதில்லை. டிஸ்டெம்பர் பொடி கலந்த வண்ணம். நாளாக ஆக அதன் முகம் மாவாகிவிடும். அந்த மாவைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் எமல்ஷனைப் பூசினால், அது பிளாஸ்டிக் தோலைப்போல மூடிக்கொள்ளுமே தவிரப் பிடித்துக்கொள்ளாது. சுவருக்குள்ளிருந்து வெளியேறப் பார்க்கும் ஈரம் அந்தத் தோலை முதுகிலிருந்து தள்ளும். ஈரத்தோடு வரும் உப்பு அங்கே படிகமாகி மேலும் தள்ளும். முதலில் கொப்புளம், பிறகு வெடிப்பு, பிறகு சுருள். நான் அழகு என்று எண்ணி எடுத்த ஒவ்வொரு சுருளும் ஒரு சுவர் மூச்சுவிட முயன்ற தடம்.

அப்போதுதான் இரண்டாம் நாள் எடுத்த படத்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. திருப்பிவைத்த படத்தைத்தான் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். கேமராவைத் தன் கையில் வாங்கி, சாய்த்து, கோடு படுக்கையாக வரும்படி பிடித்துக்கொண்டார்.

நான் சொன்னேன், ஐயா, இந்தக் கோடு வெளிச்சத்தால் உண்டானது, காலையில் சிறிது நேரமே இருக்கும்.

“வெளிச்சம் இல்ல தம்பி. இது ரெண்டாவது வாளி.”

மாடி அறைக்குப் பச்சை அடித்த அன்று முதல் வாளி சுவரின் பாதியில் தீர்ந்துவிட்டது. டிஸ்டெம்பரில் ஸ்டெயினர் என்னும் நிறச்சாயத்தைக் கையால் ஊற்றிக் கலக்கிய காலம் அது. அளவு கண்ணில்தான் இருந்தது. இரண்டாவது வாளியைக் கலக்கிப் பூசியபோது ஈரத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. மறுநாள் காய்ந்த பிறகு வந்து பார்த்தபோது கோடு தெரிந்தது. வீட்டுக்காரர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை, கூலியிலும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த அறைக்குள் போகும் ஒவ்வொரு முறையும் தன் கண் நேராக அங்கேதான் போகும் என்றார். பல ஆண்டுகள் கழித்து எமல்ஷன் அடிக்கக் கூப்பிட்டார்கள். முதல் வேலையாக அந்தச் சுவரைத்தான் மூடினாராம்.

“மூடியாச்சுன்னு நிம்மதியா இருந்தேன். இப்ப ஊருக்கே தெரியுது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கேமராவைத் திருப்பித் தரவில்லை. கட்டைவிரலால் திரையின் விளிம்பைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எவ்வளவு முயன்றும் எனக்கு அந்தப் படம் மூடுபனியாகத் திரும்பி வரவில்லை. ஒரு மனிதர் ஏணிமேல் நின்று, வாளி காலியாவதைப் பார்த்துக் கீழே இறங்கும் காட்சிதான் வந்தது.

அவர் போன பிறகு நீண்ட நேரம் யோசித்தேன். பொருளின் பெயரை நீக்கினால்தான் அழகு தெரியும் என்று முதல் நாள் எழுதியிருந்தேன். அது தவறில்லை, பெயரை நீக்காமல் இருந்திருந்தால் அந்தக் கோட்டை நான் பார்த்திருக்கவே மாட்டேன். ஆனால் பார்த்த பிறகு கிடைத்த பெயர் படத்தைச் சிறிதாக்கவில்லை. இப்போது அந்தப் படத்தில் நிறமும் இருக்கிறது, கையும் இருக்கிறது. சிஸ்கிண்டின் படங்களிலுள்ள சுவர்களுக்கும் இப்படி யாராவது வந்து சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

ஐந்தாம் நாள்

இன்று கான்கிரீட் பகுதிக்குப் போனேன். வரிசையின் நடுவில் இருந்த இரண்டு வீடுகள் பிற்காலத்தில் கட்டப்பட்டவை. தூணும் உத்தரமும் தளமும் கம்பி கட்டிப் போட்டவை. உடைத்த தளத்திலிருந்து கம்பிகள் எல்லாத் திசைகளிலும் வளைந்து நீட்டிக்கொண்டிருந்தன. வெளுத்த வானத்துக்கு எதிரே வைத்து ஒளியைக் கூட்டி எடுத்தபோது, கம்பிகள் வெள்ளைத் தாளில் இழுத்த தூரிகைக் கோடுகளாயின. முதலில் மகிழ்ந்தேன். பத்துப் படம் எடுத்த பின் சலிப்பு வந்தது. இப்படி எங்கே வைத்தும் எடுக்கலாம். இந்த இடத்துக்கே உரியது எதுவும் அதில் இல்லை.

கீழே பார்க்கும்போது வேறொன்று கிடைத்தது. தூண் ஒன்றின் அடியில் கான்கிரீட் வெடித்து, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. இரும்பு துருவாகும்போது தான் அடைத்துக்கொண்டிருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடத்தைக் கேட்கும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைப் பிளக்கிறது. வெடிப்பின் இரு பக்கமும் துரு நீரோடு வழிந்து செம்பழுப்பாகக் கசிந்திருந்தது. அதன்மேல் ஓர் உடைந்த செங்கல் விழுந்து கிடந்தது. அதன் பக்கத்தில் காவி அடித்த பூச்சின் ஒரு சில்லு. மூன்று சிவப்புகள். செங்கல்லின் சிவப்பு களிமண்ணிலுள்ள இரும்பு சூளைத் தீயில் மாறியதால் வந்தது, காவி என்பதே இரும்பு ஆக்சைடு கலந்த மண், துருவும் அதுவே. ஓர் அடி அகலத்துக்குள் ஒரே இரும்பு தீயாலும், மண்ணாலும், ஈரத்தாலும் மூன்று விதமாகச் சிவந்து கிடந்தது. எதையும் நகர்த்தாமல், நிழலில் வைத்து, மேலிருந்து நேராக எடுத்தேன். நிழலில் நீலம் கூடும் என்பதால் வெள்ளை வெள்ளையாகவே பதியும்படி நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையைக் கையாலேயே அமைத்தேன். சிவப்பு ஒன்றுதான் இந்தப் படம் என்னும்போது அதைக் கேமராவின் ஊகத்துக்கு விட மனம் வரவில்லை.

மேலே நின்றிருந்த தளத்துக்கு அடியில் போனால் இன்னும் நல்ல வெடிப்பு இருக்கிறது என்று தெரிந்தது. போகவில்லை. ரிச்சர்ட் நிக்கல் என்ற பெயரை நினைத்துக்கொண்டேன். சிகாகோவில் சிஸ்கிண்டிடம் பயின்ற மாணவர்களில் ஒருவர் அவர். லூயி சல்லிவன் என்ற கட்டடக் கலைஞரின் கட்டடங்களைப் படமெடுக்கும் பணியைச் சிஸ்கிண்ட் தன் மாணவர்களுக்குத் தந்தபோது நிக்கல் அதில் சேர்ந்தார். பிறகு அதுவே அவர் வாழ்நாள் வேலையாயிற்று. சல்லிவன் கட்டியவை ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டபோது படமெடுத்தார், மறியலில் நின்றார், உடைபடும் அலங்காரத் துண்டுகளைக் கையால் கழற்றிக் காப்பாற்றினார். 1972 ஏப்ரலில், இடிபட்டுக்கொண்டிருந்த சிகாகோ பங்குச் சந்தைக் கட்டடத்துக்குள் தனியாகப் போனவர்மீது தளம் சரிந்து விழுந்தது. ஏறக்குறைய நான்கு வாரம் கழித்தே அவர் உடல் கிடைத்தது. அந்தக் கட்டடத்தின் வணிகக் கூடம் இன்று அதே நகரின் கலைக்கூடத்தில் மீண்டும் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

ஆசிரியர் சுவரிலிருந்து பெயரை நீக்கினார். மாணவர் ஒவ்வொரு சுவரின் பெயரையும் எழுதி வைத்தார். நேற்றுவரை முதலாமவரின் பக்கம் மட்டுமே நின்றிருந்தேன்.

ஆறாம் நாள்

பொதுச்சுவரில் சாரம் கட்டியிருந்தார்கள். கடைசி வீட்டுக்குள் மழை இறங்காமல் இருக்க, வெளிப்பட்டுவிட்ட முகம் முழுவதையும் சிமெண்டால் பூசுகிறார்கள். முதலில் உரிந்த வண்ணத்தை எல்லாம் சுரண்டித் தள்ளினார்கள். எமல்ஷன் ஏடுகள் பெரிய இலைகளைப்போலச் சுழன்று சுழன்று விழுந்தன. பிறகு புதுப்பூச்சு பிடிப்பதற்காகச் சுவர் முழுவதும் கொத்திவிட்டார்கள். கொத்திய தடங்கள் பச்சையின்மேல் வெள்ளைப் பொட்டுகளாகப் பரவின. அதை எடுத்தேன். மேலிருந்து ஈரச் சாம்பல் நிறம் கீழே இறங்க இறங்க, படியின் தழும்பும், விட்டத்தின் ஓட்டைகளும், புகைக் கறுப்பும் ஒவ்வொன்றாக மறைந்தன. பெரியவர் கயிற்றுக்கு வெளியே என் பக்கத்தில் நின்றிருந்தார். கரணை மேலறையின் நடுப்பகுதிக்கு வந்தபோது நாங்கள் இருவரும் பேசவில்லை.

அந்தக் கோடு மூடப்படுவது இது இரண்டாவது முறை.

ஏழாம் நாள்

வண்டி மாலையில். காலையில் படத்தை அச்சுப்போட்டு வாங்கி வந்தேன், 12க்கு 18 அங்குலம், பளபளப்பில்லாத தாளில். பளபளப்பான தாளில் அந்தப் பச்சையின் மாவுத்தன்மை போய்விடும். இரண்டு பிரதிகள்: ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

திண்ணையில் உட்கார்ந்து உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நான் வைத்திருந்தபடியே, கோடு செங்குத்தாக நிற்கும்படி நீட்டினேன். அவர் வாங்கி, ஒன்றும் சொல்லாமல், சுவர் இருந்தபடி திருப்பிக்கொண்டார். கையை நீட்டிப் பிடித்து ஒரு முறை, மூக்குக்கு அருகில் வைத்து ஒரு முறை பார்த்தார். பிறகு கட்டைவிரலைக் கோட்டின்மேல் இடமிருந்து வலமாக ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, இங்கே கொஞ்சம் தொட்டுச் சரிசெய்யப் பார்த்தேன், இன்னும் மோசமாயிற்று என்றார். அந்த இடத்தைப் படத்தில் நான் இதுவரை கவனித்ததே இல்லை. அவர் சொன்ன பிறகு பார்த்தேன். நகம் அளவுக்கு, மேலே உள்ள பச்சையும் இல்லாமல் கீழே உள்ள பச்சையும் இல்லாமல், மூன்றாவதாக ஒரு பச்சை அங்கே இருந்தது.

பேனாவை வாங்கி இரண்டு பிரதிகளையும் கவிழ்த்து வைத்துப் பின்புறம் எழுதினேன். அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். மாடி அறை, வடக்குச் சுவர். சுண்ணாம்பின்மேல் டிஸ்டெம்பர். இரண்டாவது வாளி தொடங்கும் இடம். எது மேல்பக்கம் என்று காட்ட, மூலையில் ஓர் அம்புக்குறியை அவரே போட்டுக் கொடுத்தார்.